புதிர் லெவலைப் பதிவேற்றும் முன் வேறொருவரை ஆடச் சொல்லுங்கள்

வீடியோ கேம்களுக்கு லெவல் வடிவமைப்பது என் தொழில். ஆட்டக்காரர்கள் தாங்களே உருவாக்கும் புதிர் லெவல்களையும் தொடர்ந்து ஆடிப் பார்க்கிறேன். அவற்றை உருவாக்கும் பலர் கடினத்தையும் அலுப்பையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். அலுத்துப்போய் விலகும் ஆட்டக்காரரோ தன் அறிவையே சந்தேகிக்கிறார். அதுதான் எனக்கு வருத்தம்.

ஹிரோயுகி இமாபயாஷி உருவாக்கி 1982-இல் ஜப்பானில் வெளிவந்த சோகோபான் என்ற புதிர் ஆட்டத்தைப் பாருங்கள். கிடங்கிலுள்ள பெட்டிகளைக் குறியிட்ட கட்டங்களுக்குத் தள்ள வேண்டும். இழுக்க முடியாது; ஒரே நேரத்தில் இரண்டைத் தள்ளவும் முடியாது. விதிகள் இவ்வளவுதான். ஆனாலும் கணினிக்கே மிகக் கடினமான கணக்குகளின் வகையில் இது சேரும் என்று கணினி அறிவியலாளர் ஜோசப் கல்பர்சன் 1990-களில் நிரூபித்தார். கடினம் விதியிலேயே இருக்கும்போது, பெட்டிகளையும் நீண்ட நடைபாதைகளையும் குவிப்பானேன்?

குறியில்லாத மூலைக்குள் போன பெட்டி மீளாது. சுவரை ஒட்டி இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்து நின்றால் இரண்டுமே அசையாது. ஆகவே தீர்ப்பவர் முதலில், பெட்டி போகவே கூடாத கட்டங்களை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு முடிவிலிருந்து பின்னோக்கி யோசிக்கலாம்: கடைசிப் பெட்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும்? குறிகள் உள்ள அறைக்கு ஒரே வாசல் என்றால், உள்கோடியைத்தான் முதலில் நிரப்ப வேண்டியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு ஒன்று உண்டு. தொடக்கத்திலேயே ஒரு பெட்டி குறியின்மேல் நிற்கும். அதை வெளியே தள்ளினால்தான் மற்றவற்றுக்கு வழி பிறக்கும். சரியான இடத்தில் இருப்பதைக் கலைக்க யாருக்கும் மனம் வராது. மூன்றே பெட்டிகளில் இதைச் செய்யலாம். ஆட்டக்காரரை நெடுநேரம் யோசிக்க வைக்கும்.

2015-இல் வந்த சூப்பர் மாரியோ மேக்கரில், தான் உருவாக்கிய லெவலைத் தானே ஆடி முடித்தால்தான் பதிவேற்ற முடிந்தது. நல்ல விதி, ஆனால் போதாது. விடை தெரிந்தவர் அந்த வழியிலேயே நடப்பார். பாதிப் புதிரைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழி அவர் கண்ணில் படாது. விடை தெரியாத ஒருவரை ஆடவிட்டு, வாய் திறக்காமல் அருகில் இருங்கள். அவர் ஒரு கதவையோ பொத்தானையோ கவனிக்காமல் தவித்தால், அது தெளிவாகத் தெரியும்படி மாற்றுங்கள். எல்லாவற்றையும் கவனித்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம்.