அற்றோணி கைவிடும் இடம்

போன வருடம் ஒரு பெண் என் கந்தோருக்கு வந்தார். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து, பேச்சும் நினைவும் போய்ப் பதினொரு நாள். கையில் ஓர் அற்றோணி, அதாவது தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். "அம்மா எனக்கு எழுதித் தந்தவா. இதைக் காட்டினால் டொக்டர்மார் நான் சொல்லுறதைக் கேட்பினம்தானே?" என்றார்.

அது காணி விற்கவும் வங்கிக் கணக்கைப் பார்க்கவும் எழுதியது. வைத்தியம் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இருந்திருந்தாலும் உதவியிராது. இலங்கையில் அற்றோணி கொடுத்தவர் சுயபுத்தியை இழந்தால் அதன் வலுவும் போய்விடும். ரொறன்ரோவில் இருந்த அண்ணனுக்கு இதை நம்பவே முடியவில்லை. ஒன்ராரியோவில் சொத்துக்கு வேறு, உடல் பராமரிப்புக்கு வேறு என்று அற்றோணி எழுதலாம். நினைவு தவறிய பிறகும் அது செல்லும். இங்கிலாந்திலும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் அந்த நினைப்போடுதான் என்னிடம் பேசுகிறார்கள்.

மூக்கால் குழாய் போட வேண்டாம் என்று அம்மா சொன்னதாக மகள். என்ன செலவானாலும் எல்லாம் செய்யுங்கள் என்று மகன். இரண்டு பேரும் அம்மாமேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அம்மாவின் கையெழுத்தில் மட்டும் எதுவும் இல்லை.

சிலர் இந்த விருப்பங்களை மரணசாதனத்தில் (உயிலில்) சேர்க்கச் சொல்கிறார்கள். அதைச் செத்தவீடு முடிந்த பிறகுதானே எடுத்துப் பார்ப்பார்கள்! ஆகவே தெளிவாக இருக்கும்போதே தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். உங்களுக்காக வைத்தியரோடு பேச வேண்டியவர் யார், செயற்கைச் சுவாசம், குழாய் உணவு வேண்டுமா, கடைசி நாட்களை வீட்டிலா ஆஸ்பத்திரியிலா கழிக்க விருப்பம் என்பதை உங்கள் சொல்லிலேயே எழுதலாம். திகதியிட்டு, சொத்தில் பங்கில்லாத இரண்டு சாட்சிகளை வையுங்கள். வைத்தியரைக் கட்டாயப்படுத்த இங்கே இதற்கென்று தனிச்சட்டம் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் முட்டிக்கொள்ளும்போது வைத்தியர் கையில் இருக்கும் உங்கள் சொந்தக் குரல் அது.

சரி, நோயின் இரகசியம்? கிளினிக் கொப்பி வீட்டு மேசையில் கிடக்கும். ரிப்போர்ட்டின் படம் குடும்ப வைபர் குழுவில் ஓடும். ஒரு பாட்டியின் வருத்தம் அப்படித்தான் பேத்தியின் கலியாணப் பேச்சுவரை போனது. 2016ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமே, நோயாளி எழுத்தில் சம்மதிக்காவிட்டால் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க மறுக்க வேண்டும் என்கிறது. 2022ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நல விவரங்களைச் சிறப்பு வகையாகவே வைத்திருக்கிறது. யாருக்குச் சொல்லலாம், யாருக்குக் கூடாது என்பதையும் அதே கடிதத்தில் பெயரோடு எழுதிவிடுங்கள். சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, அது உங்கள் உரிமை.

கையெழுத்து வைத்த பிறகு ஒரு பிரதி கிளினிக் கொப்பிக்குள், ஒன்று பெயர் குறித்தவரிடம், ஒன்று வெளிநாட்டுப் பிள்ளைக்கு. காணி உறுதிகளோடு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது அந்தத் திறப்பை யாரும் தேடமாட்டார்கள்.