ஈரப் படலத்திலிருந்து பாயும் புரோட்டான்

பாம்பனில் ராத்திரி வெளியே விட்ட பைக்கை விடியலில் தொட்டுப் பாருங்கள், கை பிசுபிசுக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்த மெல்லிய படலம். துடைக்காமல் விட்டால் துருதான். உலோகத்தின் மேல் இப்படி ஒட்டிக்கொள்ளும் ஈரத்துக்கு, லேசரால் அயனிகளை (மின்னேற்றம் பெற்ற அணுக்களை) முடுக்கும் சோதனையில் ஒரு பெரிய வேலை இருக்கிறது.

வெற்றிட அறையில் சில மைக்ரான் தடிமனில் ஓர் உலோகத் தகடு. அதன் மேல் ஒரு லேசர் துடிப்பு விழுகிறது. நொடியைப் பத்துக் கோடி கோடியாக வகுத்தால் ஒரு ஃபெம்டோ நொடி. 30 ஃபெம்டோ நொடித் துடிப்பு என்றால், அந்த ஒளியின் மொத்த நீளமே 9 மைக்ரான். தலைமுடியை விட மெல்லிசு. தனுஷ்கோடி உச்சிவெயில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.1 வாட். இங்கே 1-க்குப் பின்னால் 20 சுழியம் போட வேண்டும். (இவ்வளவு வலுவைப் பெறத் துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்குவார்கள். இந்த உத்திக்குத்தான் டோனா ஸ்ட்ரிக்லேண்டுக்கும் ஜெரார் மூருவுக்கும் 2018 நோபல் பரிசில் பங்கு.)

அடி விழுந்த முகம் பிளாஸ்மா ஆகிவிடும், அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்துவிடும். எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கி, தகட்டைக் கடந்து மறுபக்கம் பாயும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தூரம் போக முடியாது. நேர்மின்னேற்றம் ஏறிய தகடு பிடித்து இழுக்கும். நங்கூரம் பாய்ச்சிய வள்ளம் நீரோட்டத்தில் கயிறு விறைக்க நிற்குமே, அப்படி. அந்த விறைப்புதான் மின்புலம். ஒரு மைக்ரானுக்குப் பத்து லட்சம் வோல்ட்! வழக்கமான முடுக்கிகள் ஒரு மீட்டருக்குச் சில கோடி வோல்ட்டைத் தாண்டவே திணறும். மீறினால் உள்சுவரில் பொறி தட்டிவிடும்.

சரி, இழுப்பு தாங்காமல் நங்கூரமே பெயர்ந்தால்? இங்கே அதுதான் நடக்கிறது. முதலில் பெயர்வது தங்கமோ அலுமினியமோ அல்ல. தகட்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் ஈரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் உள்ள ஹைட்ரஜனின் கரு, அதாவது புரோட்டான். அதுதான் எல்லாவற்றிலும் லேசு, இருப்பதும் விளிம்பில். கார்பன் போன்ற கனமான அயனிகள் வேண்டுமென்றால், தகட்டைச் சூடாக்கி அந்த ஈரத்தை முதலில் விரட்ட வேண்டும்.

2000இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகம் இப்படி 58 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுள்ள புரோட்டான்களைப் பெற்றது. புற்றுக்கட்டியைச் சுட இவற்றைப் பாய்ச்சினால், உடம்புக்குள் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் போகும். 2024இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் குழு, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் வேறு முடுக்க முறைகளையும் சேர்த்து 150-ஐத் தொட்டது. அது 15 சென்டிமீட்டர். ஆழத்தில் உள்ள புற்றுக்கட்டிகள் சிலவற்றை எட்டும் தூரம்.

ஆனால் மருத்துவமனைக்கு இன்னும் வெகுதூரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கரைவலையில் பொடிமீனும் பெருமீனும் கலந்து வருவதுபோல, எல்லா ஆற்றலிலும் புரோட்டான்கள் கலந்தே வருகின்றன. மருத்துவருக்கு வேண்டியது ஒரே ஆழத்தில் போய் நிற்கும் கற்றை. காந்தம் வைத்துச் சலிக்கலாம். சலித்தால் பாதிக்கு மேல் வீணாகிவிடும்.