பனி கருக்கிய செடி செத்ததா, உறங்குகிறதா?

மாசி பிறந்த வாரம். செண்டுவாரைப் பக்கமிருந்து மூணாறு டவுனுக்கு வரும் ஜீப்பில் ஆளோடு ஆளாக நசுங்கிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா, நான் வாத்தியார் என்று தெரிந்ததும் பைக்குள் கைவிட்டு ஒரு ரோஜாக் குச்சியை எடுத்து நீட்டினார். நுனியில் நான்கைந்து இலைகள் கறுத்துச் சுருண்டிருந்தன. தொட்டதும் டீத்தூள் மாதிரிப் பொடிந்தன.

"போன மாசப் பனியில வாசல்ல நின்ன ரோசா பூரா இப்படிக் கருகிப் போச்சு சார். மரத்தக்காளியும் போச்சு. வெட்டிரவா, விட்ரவா? இது செத்துருச்சா, ஒறங்குதா?"

டவுன் வருவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, 'ஒறங்குதா', அதைத்தான் தாவரவியல்காரர்கள் தொண்ணூறு வருஷமாக வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் பனி. 'பனி விழுகிறது' என்கிறோம். உண்மையில் அது எங்கிருந்தும் விழுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத மார்கழி, தை இரவில் இலை தன் வெப்பத்தை வானத்தைப் பார்த்து வீசிவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேலேயே வெள்ளையாகப் படிகிறது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஓடையோரத்துத் தேயிலை கருகிக் கிடக்கும்போது, இருபதடி மேலே இருக்கும் நிரை பச்சையாகவே நிற்கிறது. சரிவின் குறுக்கே வெள்ளம் வந்துபோன கறை மாதிரி ஒரு பழுப்புக் கோடு தெரியும். அதுதான் அன்றைக்குக் குளிர் தேங்கிய மட்டம்.

இலைக்குள் என்ன நடக்கிறது? செல்லுக்குள் இருக்கும் நீரில் சர்க்கரையும் உப்பும் கரைந்திருப்பதால் அது லேசில் உறையாது. செல்களுக்கு இடையே இருக்கும் நீர்தான் முதலில் ஐஸாகும். அந்த ஐஸ், செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே உறிஞ்சத் தொடங்கும். செல் வற்றிச் சுருங்கும், சவ்வு கிழியும். அப்படிப் பார்த்தால் பெரும்பாலான செல்கள் குளிரில் சாவதில்லை, தாகத்தில்தான் சாகின்றன. வெயில் வந்து ஐஸ் உருகும்போது இலை வெந்த கீரை போலத் தொங்குகிறது. மதியத்துக்குள் கறுக்கிறது. கிழிந்த சவ்வுகளைத் தாண்டி பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருள்களும் நொதிகளும் காற்றோடு கலந்துவிட்டன, அவ்வளவுதான். பேக்டரியில் ரோலரில் போட்டுக் கொழுந்தைக் கசக்கும்போது நடப்பதும் இதேதான். பனி அதைத் தோட்டத்திலேயே செய்துவிடுகிறது, குடிக்கத்தான் முடியாது.

சரி, இலை போயிற்று. செடி?

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. எந்த ரோஜாக் குச்சியையும் எடுத்துப் பாருங்கள். இலை இருந்த ஒவ்வொரு இடத்திலும், காம்புத் தழும்புக்குச் சற்று மேலே, கடுகளவில் ஒரு புடைப்பு இருக்கும். செதிள் மூடிய மொட்டு. அதற்குள் ஒரு முழுக் கிளைக்கான நுனி, இலைகளின் தொடக்கம் எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இந்த மொட்டுகளில் பெரும்பாலானவை ஒருநாளும் விரிவதில்லை. தண்டு பருத்து மரமாகும்போது சில அதற்குள் புதைந்தும் போகின்றன. ஆனால் சாவதில்லை. மரம் ஆண்டுதோறும் எவ்வளவு பருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் தானும் நீண்டு, பட்டைக்கு அடியிலேயே தலையை வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. வெட்டிய கட்டையைச் சீவிப் பார்த்தால் நடுவிலிருந்து பட்டை வரை மெல்லிய கோடாக அந்தத் தடம் சில சமயம் தெரியும். வட்டவடைப் பக்கம் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரத்தை அடியோடு வெட்டினாலும் அடுத்த மழைக்குக் கட்டையைச் சுற்றி நாலைந்து தளிர் எழுந்து நிற்பது இப்படித்தான். தென்னைக்கு இந்தச் சேமிப்பு கிடையாது. அதன் ஒரே குருத்து போனால் மரமே போய்விடும்.

அவ்வளவு மொட்டுகள் இருந்தும் ஏன் சும்மா இருக்கின்றன? நுனி இருக்கும்வரை பக்க மொட்டு எழாது, 'நுனி ஆதிக்கம்' என்று பள்ளியில் ஒரு வரியில் படித்திருப்போம். 1933இல் கென்னத் திமான், ஃபோல்க் ஸ்கூக் என்ற இருவர் மொச்சையைப் போன்ற ஒரு பயறுச் செடியின் நுனியைக் கிள்ளினார்கள். பக்க மொட்டுகள் வளர்ந்தன. கிள்ளிய இடத்தில் ஆக்சின் என்ற ஹார்மோனைத் தடவினார்கள். மொட்டுகள் அடங்கிவிட்டன. அதாவது, நுனியில் இருக்கும் இளம் இலைகள் ஆக்சினைச் செய்து கீழே அனுப்புகின்றன, அதுதான் மொட்டுகளை அமுக்கி வைக்கிறது.

இதில் ஒரு வினோதம் உண்டு. அந்த ஆக்சின் மொட்டுக்குள் போவதே இல்லை. பக்கத்தில் தண்டு வழியாக இறங்கிப் போகிறது, அவ்வளவே. தண்டின் செல்களில் ஆக்சினை வெளியே தள்ளும் புரதங்கள் அடிப்பக்கச் சவ்வில் உட்கார்ந்திருப்பதால் ஓட்டம் மேலிருந்து கீழேதான், மணிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். அப்படியானால் பக்கத்தில் போகிறவன் எப்படி அமுக்குகிறான்?

மே மாதச் சீசனில் மூணாறு டவுனைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எஸ்டேட் ரோட்டிலிருந்து ஒரு ஜீப் மெயின் ரோட்டில் ஏற வேண்டும். மெயின் ரோட்டில் வண்டி பம்பரோடு பம்பராகப் போய்க்கொண்டிருக்கிறது. யாரும் அந்த ஜீப்பை மறிக்கவில்லை, ஏறத்தான் இடமில்லை. மொட்டு வளர வேண்டுமென்றால் தன் ஆக்சினைத் தண்டுக்குள் அனுப்பித் தனக்கொரு பாதை போட்டுக்கொள்ள வேண்டும். நுனியிலிருந்து வரும் ஓட்டம் நிறைந்திருக்கும்வரை அது முடியாது. நுனி போனால் ரோடு காலி, ஜீப் ஏறிவிடும்.

கதை அழகாக முடிந்துவிட்டதென்று நினைத்தபோது 2014இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு பட்டாணிச் செடியோடு வந்தார்கள். நுனியைக் கிள்ளினால் வெகு கீழே இருக்கும் மொட்டு சில மணி நேரத்திலேயே பருக்கத் தொடங்குகிறது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் போகும் ஆக்சின் குறைந்துபோன செய்தி அதற்குள் அங்கே எட்டியிருக்கவே முடியாது. அப்படியானால் எட்டியது எது? சர்க்கரை. வளரும் நுனி பெரும் தீனிக்காரன், இலைகள் செய்யும் சர்க்கரையை வாரி இழுத்துக்கொள்ளும். அது போனதும் சர்க்கரை மொட்டுகளின் பக்கம் திரும்புகிறது, ஆக்சினைவிடப் பல மடங்கு வேகத்தில். நுனியைக் கிள்ளாமலே மொட்டுக்குச் சர்க்கரை ஊட்டிப் பார்த்தார்கள். அப்போதும் எழுந்தது! ஆக்சின் கதை பொய்யாகிவிடவில்லை. எழுப்பிவிடுவது சர்க்கரை, எழுந்தது தொடர்ந்து வளருமா என்பதைத்தான் ஆக்சினின் ரோடு முடிவு செய்கிறது.

எங்கள் அம்மா முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர். ரெண்டு இலை, ஒரு மொட்டு. விரல் நுனியால் ஒரு திருப்பு, கூடைக்குள் ஒரு வீச்சு. ஒவ்வொரு கிள்ளலும் திமான் செய்த சோதனைதான். நுனி போகிறது, அடுத்த இலை இடுக்கில் இருக்கும் மொட்டு எழுகிறது, அதுவும் கொழுந்தாகிறது, அதையும் கிள்ளுகிறார்கள். விட்டால் வீட்டுக் கூரைக்கு மேலே வளர்ந்து மரமாகிவிடும் தேயிலையை இடுப்பளவு மேசையாக நிறுத்தி வைத்திருப்பது இந்த ஒரு தந்திரம்தான். சில வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து எடுக்கும்போது இலையே இல்லாமல் வெறும் குச்சிக்காடாக நிற்கும். டூரிஸ்ட்டுகள் வண்டியை நிறுத்தி, செடியெல்லாம் செத்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

கவாத்துக்கு முன்னால் விவரம் தெரிந்த தோட்டங்களில் ஒன்று செய்வார்கள். பென்சில் பருமன் வேர் ஒன்றைத் தோண்டியெடுத்துக் குறுக்கே வெட்டி அயோடின் விடுவார்கள். நன்றாக நீலக்கறுப்பானால் வேரில் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். வெளுத்து நின்றால் பொறுக்க வேண்டும். இலையில்லாத செடி சமைக்க முடியாது. புதுத் தளிர் வந்து நிமிரும்வரை இந்தச் சேமிப்பை எடுத்துத்தான் சாப்பிட வேண்டும்.

அக்காவின் கேள்விக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. பனி முதலில் கொல்வது நீர்ச்சத்து மிகுந்த இளம் நுனியை. நுனி செத்தால் கிள்ளியது போலத்தான், கீழே இருக்கும் மொட்டுகள் தானாக எழும். பதறிப்போய்க் கத்தியை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எடுத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் தை மாதத்திலேயே எங்கள் வாசல் ஹைட்ரேஞ்சியாவைக் கருகல் தெரியாமல் சுத்தமாக வெட்டிவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. சில நாள் வெயில் நன்றாக அடித்தது, கீழே மொட்டெல்லாம் பச்சைப் பசேலென்று விரிந்தன. அப்புறம் மாசியில் இரண்டு இரவு பனி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன்தான் நான். அந்தத் தளிர் முழுக்கக் கருகிற்று. வேர்ச் சேமிப்பில் ஒரு பங்கு வீண். மறுபடி அது எழ வைகாசி ஆயிற்று, அந்த வருஷம் பூவே இல்லை.

கருகிய இலைகளுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. அவை மேலே கூரையாக நின்று, உள்ளே இருக்கும் கிளைகளின் வெப்பம் நேரே வானத்துக்குப் போகாமல் தடுக்கின்றன. ஆகவே பனிக்காலம் தீரும்வரை அசிங்கமாகவே நிற்கட்டும். விதிவிலக்கு, டேலியா போல நீர் கோத்து அழுகிப்போன தண்டுகள். அவற்றை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகல் கிழங்குக்கு இறங்கும். சௌசௌ கொடியின் மேல்பகுதி போனால் கவலையே வேண்டாம், அடி வேரிலிருந்து வரும். மரத்தக்காளிக்குத்தான் என்னால் உறுதி சொல்ல முடியாது. அது பனிக்குப் பயந்த சாதி.

உயிர் எதுவரை இருக்கிறது என்று பார்க்கக் கட்டைவிரல் நகம் போதும். குச்சியின் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் உயிர். பழுப்பாக, காய்ந்த தேங்காய் நார் மாதிரி இருந்தால் அந்த இடம் முடிந்தது, ஒரு விரல்கடை கீழே போய்ப் பாருங்கள். ஜீப்பிலேயே அக்காவின் குச்சியைச் சுரண்டினேன். மேலே பழுப்பு, நடுவில் பழுப்பு, அடியில் வெட்டுப்பட்ட இடத்துக்கு அரை விரல் மேலே பச்சை. "இதப் போயி ஒடிச்சிட்டு வந்திட்டனே" என்று அவர் உச்சுக்கொட்டினார்.

எப்போது வெட்டுவது? 'கும்பத்தில் மழை பெய்தால் குப்பையிலும் மாணிக்கம்' என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. கும்பம் என்பது நம்முடைய மாசிதான். அந்த முதல் கோடை மழை இறங்கி, மொட்டுகள் செதிளைப் பிளந்து சிவப்பாக எட்டிப் பார்க்கும்போது செடியே எல்லைக்கோட்டைக் காட்டிவிடும். கடைசியாக உயிரோடு இருக்கும் மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்த்து வெட்டினால் போதும். யூரியாவை அதற்கு முன்னால் போடாதீர்கள்.

இவ்வளவும் தெரியவந்த பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. மொட்டுகளை அமுக்குவதில் பங்குள்ள இன்னொரு ஹார்மோன் வகை, ஸ்ட்ரைகோலாக்டோன். அதில் முதலாவதை 1966இல் பருத்தி வேரிலிருந்து எடுத்தபோது யாரும் கிளைகளைப் பற்றி நினைக்கவேயில்லை. சோளத்தில் ஒட்டுண்ணியாக வரும் சுடுமல்லிக் களையின் விதையை முளைக்கவைப்பது எது என்றுதான் தேடினார்கள். அதே குடும்பம்தான் கிளைவிடுவதையும் கட்டுப்படுத்துகிறது என்று தெரிய 2008 ஆயிற்று. நாற்பத்திரண்டு வருஷம். 'இதனால் என்ன பயன், எத்தனை மாதத்தில் பயன்' என்று விண்ணப்பத்தில் கட்டம் போட்டுக் கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பணம் அதிகம் இருந்தால் மூணாற்றின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தரைமட்டத்தில் ஒரு வெப்பமானி வைத்துவிட்டு மிச்சத்தைப் பட்டாணிக்கே கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

ஜீப் டவுனை நெருங்கும்போது அக்கா இன்னொன்றும் கேட்டார். பக்கத்து லயத்தில் ஒரு வீட்டில் போன வருஷம் பனிக்குப் பிறகு சிவப்பு ரோஜா வெள்ளையாகப் பூத்ததாம், அதுவும் சின்னச் சின்னதாக. கண்ணு பட்டுவிட்டது என்று செடியில் படிகாரம் கட்டியிருக்கிறார்களாம்.

கண்ணுமில்லை, பனியின் மாயமும் இல்லை. நர்சரி ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிகள், கீழே காட்டு ரோஜாவின் வேர், அதன்மேல் சிவப்பு ரோஜாவின் ஒரே ஒரு மொட்டை ஒட்டியிருப்பார்கள். மேலே இருந்த சிவப்பு பனியில் கருகியதும், இத்தனை வருஷம் அடங்கிக் கிடந்த காட்டு ரோஜாவின் மொட்டு ஒட்டுக்குக் கீழேயிருந்து எழுந்துவிட்டது. ஒட்டின் முடிச்சு மண்ணை ஒட்டி வீக்கமாகத் தெரியும், அதற்குக் கீழிருந்து வரும் தளிர்களை இப்போதே ஒடித்துவிடுங்கள், மேலே பச்சை மிச்சமிருந்தால் அதற்குச் சாப்பாடு போகட்டும் என்றேன்.

"அவுகளுக்கு அந்த வெள்ளைதான் பிடிச்சிருக்காம் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.