தூண்டிலில் பிடித்த மீனைத் திரும்ப விட்டால் யாருக்கு லாபம்? வன்னிக் குளங்களின் விதிகள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களின் சூட்கேசில் இப்போது மடக்குத் தூண்டில் கோலும் ரீலும் இருக்கின்றன. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு என்று குளக்கட்டோரம் நின்று எறிகிறார்கள். மீன் பட்டால் ஒரு படம், பிறகு அதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு இது விசர் வேலையாகத் தெரியும். ஆனால் இதற்குள் ஒரு காசுக் கணக்கு இருக்கிறது. அது எந்த மீன், எந்தக் குளம் என்பதைப் பொறுத்து மாறும். அதற்கு முதல் சட்டத்தைப் பார்ப்போம்.

கடலோ குளமோ, இலங்கையில் மீன்பிடிக்கு அடிப்படை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் சட்டம். ஒழுங்குவிதிகளில் குறிப்பிட்ட மீன்பிடி நடவடிக்கைகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று அது சொல்கிறது. அனுமதி கேட்கப்படுவது மீன்பிடிக்கும் செயலுக்கு. பிடித்ததைக் கறிவைக்கிறீர்களா, விடுகிறீர்களா என்பது அடுத்த விடயம். அதனால் "நான் ஒன்றையும் கொண்டுபோகவில்லையே" என்பது பதிலாகாது. வெடி, நஞ்சு, மயக்கும் பொருள் எதையும் பயன்படுத்தி மீன்பிடிப்பது முழுத் தடை. குளங்களில் கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த செவுள் வலை போடக்கூடாது. ஒற்றை நைலோன் இழையில் பின்னும் தங்கூசி வலைக்கும் தடை உண்டு. தூண்டிலில் கட்டும் தங்கூசி நூல் வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி, குளம் யாருடையது? தண்ணீருக்கு ஒருவர், மீனுக்கு இன்னொருவர் என்றுதான் நம்முடைய ஊர்களில் விடயம் இருக்கிறது. 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்குக் குறைவான வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. ஊரில் அவற்றைப் பார்த்துக்கொள்வது கமக்கார அமைப்பு. அதைவிடப் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களிடம் இருக்கின்றன. மீன் வளர்ப்பு 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் வேலை. ஊரில் எல்லோரும் நக்டா என்றுதான் சொல்வார்கள். பெரிய குளங்களில் வலை போடுகிறவர்கள் நன்னீர் மீனவர் சங்கமாகச் சேர்ந்திருக்கிறார்கள். குளத்தில் விட்ட குஞ்சுக்குக் காசோ உழைப்போ போட்டவர்கள் அவர்கள். நீங்கள் தூண்டில் எறியும்போது அவர்களுடைய முதலுக்குள் எறிகிறீர்கள் என்பதை மறக்கக்கூடாது.

சரி, விட்ட மீனால் என்ன லாபம்?

முதலில் கெண்டை இனங்கள். கட்லா, ரோகு, மிரிகால் மூன்றும் இந்தியாவின் பெரிய ஆறுகளிலிருந்து வந்தவை. நம்முடைய குளங்களின் அசையாத தண்ணீரில் அவை குஞ்சு பொரிப்பதில்லை. தம்புள்ள, உடவலவை, இங்கினியாகல போன்ற இடங்களில் உள்ள நக்டா நிலையங்களில் தாய்மீனுக்கு ஹோர்மோன் ஊசி போட்டுத்தான் முட்டை எடுக்கிறார்கள். குஞ்சு விடுவதை நிறுத்தினால் கெண்டையும் நின்றுவிடும். 1990இல் அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவைக் கைவிட்டது. 1994இல்தான் திரும்பத் தொடங்கியது. வன்னிக்கு அந்தக் காலத்தில் வேறு கவலைகள் இருந்தன, அது தெரிந்ததே. ஆக, ஒரு கட்லாவைத் திரும்ப விட்டால் அது இனத்தைப் பெருக்கப் போவதில்லை. இன்னும் கொஞ்சம் கொழுத்துச் சங்கத்தின் வலையில் விழும். அந்த எடை கூடுதலே அதன் பெறுமதி. ஆனால் கோடையில் வற்றும் சின்னக் குளத்தில் அதற்கும் தவணை உண்டு. மாரியில் குஞ்சு விட்டு, தண்ணீர் இறங்கும் ஆடி ஆவணியில் எல்லாவற்றையும் வாரி எடுப்பதுதான் அங்கே முறை. அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு பெரிய மனதோடு மீனை விடுவதில் பொருளில்லை. சங்கத்திடம் கேட்டு, விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

திலாப்பியாவின் கதை நேரெதிர். 1952இல் நாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அது தானாகவே குழி பறித்து, முட்டையை வாயில் வைத்துக் காத்து, பெருகிக்கொண்டே போகும். நெருக்கம் கூடினால் உள்ளங்கையளவிலேயே சினைக்கு வந்துவிடும். அதைத் தூண்டிலில் பிடித்து விடுவதால் மீன்வளம் மீளும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொரித்துச் சாப்பிடுங்கள்.

திரும்ப விடுவது உண்மையிலேயே கணக்கில் வருவது விரால் போன்ற நம்முடைய மீன்களில். விராலுக்குத் தாயும் தகப்பனும் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துத் திரியும். செந்நிறத்தில் குமிழி குமிழியாக மேலே வரும் அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் தூண்டிலை எறிந்தால் பெரிய விரால் பசி இல்லாமலும் பாய்ந்து கவ்வும், கோபத்தில். அதை எடுத்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் கொஞ்ச நேரத்திலேயே தின்று முடித்துவிடும். ஒரு மீன் போனதாகத் தெரியும், போனது ஒரு தலைமுறை. விராலை ரசித்துப் பிடிக்க விரும்புகிறவர்கள் குஞ்சோடு திரியும் சோடியைத் தொடாமல் விடுவதே முதல் விதி. இது சட்டப் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது: மூடிய பருவம் அறிவிக்கலாம், மீன்பிடி ஒதுக்கம் என்று ஓர் இடத்தைப் பிரகடனம் செய்யலாம். இனப்பெருக்க இடங்களைக் காப்பதும், அருகிப்போன இடத்தில் நீர்வாழ் உயிர்கள் மீண்டும் பெருக விடுவதும் ஒதுக்கத்தின் நோக்கங்களாகவே அங்கே எழுதப்பட்டிருக்கின்றன.

காசு எவ்வளவு வரலாம் என்பதற்கு வெளியுலக உதாரணங்கள் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா கீஸ் தீவுகளில் போன்ஃபிஷ், டார்பன், பேர்மிட் என்ற மூன்று மீன்களைப் பெரும்பாலும் பிடித்து விடுவதற்காகவே ஆட்கள் போகிறார்கள். அந்த ஆழமற்ற கடல் மீன்பிடியின் பொருளாதாரத் தாக்கம் வருடத்துக்கு 465 மில்லியன் டொலர் என்று 2013இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. மீனை விற்ற காசல்ல, படகு, வழிகாட்டி, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்தது. பெலிஸ் நாடு 2009இல் அதே மூன்று மீன்களையும் பிடித்தால் விட்டே ஆக வேண்டும் என்று சட்டமாக்கியது. கொல்லாமல் விட்ட ஒரு மீன் திரும்பத் திரும்ப வாடகை தரும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற மீன் 1980களில் அழியும் நிலைக்குப் போய், கடும் கட்டுப்பாடுகளால் 1995இல் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவர்கள் அதில் பெரும்பகுதியைத் திரும்ப விடுகிறார்கள். விட்டதில் 9 சதவீதம் செத்துப்போகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சின்ன எண் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் விடப்பட்ட மீன்கள் அவ்வளவு அதிகம் என்பதால், 2017இல் மனிதரால் செத்த ஸ்ட்ரைப்ட் பாஸில் கிட்டத்தட்டப் பாதி திரும்ப விட்டபின் செத்தவை. அந்த மீன் மறுபடியும் இறங்குமுகம் கண்டது. சுவிற்சர்லாந்து இன்னொரு காரணத்துக்காக, மீனுக்கு வீண் வேதனை என்று சொல்லி, விடும் நோக்கத்தோடு மீன்பிடிப்பதையே தடைசெய்திருக்கிறது.

வன்னியில் இந்தச் சாவு வீதம் கூடத்தான் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தண்ணீர் சுடும், சுடு தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. நடுப்பகலில் நீண்ட நேரம் இழுத்து விளையாடி, மணலில் புரட்டி, படம் எடுத்து விட்ட கட்லா நீந்திப் போவதுபோலத் தெரியும், பிறகு செத்து மிதக்கும். விராலுக்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் அது கொஞ்சம் தாங்கும். விடத்தான் போகிறீர்கள் என்றால் அதிகாலையில் போங்கள். தூண்டில் முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை அதன் வழுவழுப்பை எடுத்துவிடும், அங்கே பூஞ்சணம் பிடிக்கும். முள்ளை விழுங்கியிருந்தால் தோண்ட வேண்டாம், நூலை அறுத்து விடுங்கள். மீனைத் தண்ணீருக்குள் வைத்து விடுவதற்காக இடுப்பளவு இறங்கவும் வேண்டாம், வன்னிக் குளங்களில் முதலை உண்டு.

ஒரு சங்கம் இதை வருமானமாக்க நினைத்தால்? வெளியாட்களுக்கு நாள் கட்டணம், சங்க உறுப்பினர் ஒருவர் வள்ளத்தோடு வழிகாட்டியாகக் கூட வருவது, வலை போடாத ஒரு மூலையைத் தூண்டிலுக்கு ஒதுக்குவது: இவை நடக்கக்கூடியவை. ஆனால் தாங்களாகவே பற்றுச்சீட்டு அடித்துக் காசு வாங்கத் தொடங்குவதற்கு முன் நக்டாவிடமும் குளத்துக்குப் பொறுப்பான திணைக்களத்திடமும் எழுத்தில் இணக்கம் பெற வேண்டும். வலை போடும் குடும்பங்களின் நாட்கூலி குறையாமல் இது வந்தால்தான் நல்லது. விடுதிக்காரருக்கு மட்டும் லாபம் போகும் திட்டத்துக்குச் சங்கம் தலையாட்டத் தேவையில்லை.

களப்பும் கடலும் வேறு கணக்கு. சுண்டிக்குளம் 2015இலிருந்து தேசிய பூங்கா, நந்திக்கடல் 2017இலிருந்து இயற்கை ஒதுக்கம். அங்கெல்லாம் மீன்பிடிச் சட்டத்தோடு வனசீவராசிகள் திணைக்களத்தின் சட்டமும் சேர்ந்து வரும். முல்லைத்தீவுப் பக்கம் ஆழ்கடலில் தூண்டில் போடுகிறவர்கள், உடம்பளவு நீண்ட வாலுள்ள திரெஷர் சுறாவைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதைப் பிடிப்பது 2012இலிருந்து இலங்கையில் தடை. பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவர்களும் அதை உயிரோடு விட்டே ஆக வேண்டும் என்று, இலங்கை உறுப்புரிமை வகிக்கும் இந்து சமுத்திர டூனா ஆணைக்குழுவின் தீர்மானம் சொல்கிறது.

குளத்துக்குப் போவதற்கு முதல்நாள் சங்கத் தலைவரையோ செயலாளரையோ பாருங்கள். அவர்களைத் தெரியாவிட்டால் நக்டாவின் நீருயிரின வளர்ப்பு விரிவாக்கல் உத்தியோகத்தரை, சிறு குளம் என்றால் கமநல சேவை நிலையத்தைக் கேளுங்கள். கேட்க வேண்டியவை: கோலும் ரீலும் பாவிக்க அனுமதிப்பத்திரம் தேவையா, இந்த வருடம் என்ன குஞ்சு எப்போது விட்டார்கள், அறுவடை எப்போது, தண்ணீர் திறக்கும் துருசுக்கும் மிகைநீர் வழியும் வானுக்கும் கிட்ட நிற்கலாமா.