கம்யூனிகேஷன் மாநாட்டுக்கு யாரை அனுப்புவது, எதைக் கேட்டு வரச் சொல்வது?

இத்தாலிக்குப் போய் இட்மா கண்காட்சியில் நூற்பு மெஷின் பார்த்துவரும் மில் முதலாளியிடம் "போன காசு வந்துச்சுங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. கொடிசியா வளாகத்தில் இன்டெக் மெஷின் கண்காட்சி நடந்தால் சூப்பர்வைசர்களை வேன் வைத்து அனுப்பிவைக்கிறோம். கார்ப்பரேட் கம்யூனிகேஷன், அதாவது கம்பெனி சார்பில் ஊழியர்களிடமும் வெளியுலகத்திடமும் பேசும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு வருடாந்திர மாநாடு நடக்கிறது, டெலிகேட் ஃபீஸும் டிக்கெட்டும் ஆகும் என்று ஃபைல் வைத்தால் மட்டும், "பேசறதுக்கு எதுக்குங்க டிரெய்னிங்?" என்று திரும்பி வந்துவிடும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் இந்த வேலையில் இருக்கும் பலரும் இதைக் கேட்டிருப்போம்.

கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் பக்கத்துக் கம்பெனிகளில் இந்த வேலை உருவான விதம் அப்படி. அழைப்பிதழ் அடிப்பது, ஆயுத பூஜைக்கு விளம்பரம் கொடுப்பது, முதலாளி அரசுப் பள்ளிக்கு வகுப்பறை கட்டிக்கொடுத்தால் மறுநாள் பேப்பரில் போட்டோ வரவைப்பது. இதற்கு ஒரு மேஜை, ஒரு ஆள். அந்த ஆளுக்கு மாநாடு எதற்கு என்று கேட்டால் நியாயம்தான்.

ஆனால் இன்று அதே மேஜைக்கு வரும் வேலை வேறு. பங்குச் சந்தையில் பட்டியலான லிஸ்டட் கம்பெனியாக இருந்தால், போர்டு கூட்டம் முடிந்த 30 நிமிடத்தில், சந்தை மூடிய பிறகு முடிந்த கூட்டம் என்றால் பொதுவாக 3 மணி நேரத்தில், முக்கிய முடிவுகளைப் பங்குச் சந்தைக்குச் சொல்ல வேண்டும். கம்பெனிக்குள்ளேயே கிளம்பிய முக்கிய விஷயம் என்றால் 12 மணி நேரம், வெளியிலிருந்து வந்தது என்றால் 24 மணி நேரம் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023இல் விதியை இறுக்கியது. சந்தை மதிப்பில் முதல் 250 இடங்களுக்குள் இருக்கும் கம்பெனிகள், பத்திரிகையில் வந்த வதந்தியால் பங்கு விலை கணிசமாக ஆடினால், 24 மணி நேரத்துக்குள் ஆம், இல்லை அல்லது விளக்கம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் 100 கம்பெனிகளுக்கு 2024 ஜூனிலும் மற்றவர்களுக்கு அந்த டிசம்பரிலும் இது நடைமுறைக்கு வந்தது. பங்குச் சந்தைக்குப் போகும் கடிதத்தை கம்பெனி செக்ரெட்டரி போடுவார். அது வெளியானதும் நிருபர்கள் போன் அடிப்பது நமக்குத்தான். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஒரே நேரத்தில்.

சரி, பங்குச் சந்தைப் பக்கமே போகாத பனியன் கம்பெனிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2023 மார்ச்சை நினைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று சொல்லி வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ, வேறு எதற்கோ நடந்த சண்டைகளை வெட்டி ஒட்டியவை. ஹோலி நெருங்கிய நேரம். எப்படியும் ஊருக்குப் போகும் கூட்டம் ஒரு பக்கம், பயந்து கிளம்பும் கூட்டம் இன்னொரு பக்கம். தமிழ்நாடு காவல்துறை அவை பொய் என்று அறிவித்தது, இந்தியிலேயே விளக்கம் கொடுத்தது, உதவி எண்களைத் திறந்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களைப் பார்த்துப் பேசியது. அரசுகள் செய்ய வேண்டியதைச் செய்தன. கம்பெனிகள் என்ன செய்தன? பெரும்பாலும் நோட்டீஸ் ஒட்டினோம். ஹாஸ்டலில் மீட்டிங் போட்டு, "ஒண்ணும் ஆகாது, நாங்க இருக்கோம்" என்றோம்.

"சார், பசங்க பெட்டி கட்டறானுங்க. நம்ம சொன்னா நம்ப மாட்டேங்கறானுங்க" என்று வார்டன்கள் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கான பதில் எனக்கு மாநாட்டு மேடையில் கிடைக்கவில்லை, டீ இடைவேளையில் கிடைத்தது. கிழக்கு மாநிலம் ஒன்றில் சுரங்கக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ஹாஸ்டல் மீட்டிங்கைப் பற்றி அவர் எதுவுமே கேட்கவில்லை. அந்தப் பையன்களின் வீட்டில் யார் போன் எடுப்பார்கள் என்று கேட்டார். பயம் கிளம்பியது திருப்பூரில் இல்லையே, தர்பங்காவிலோ கயாவிலோ இருக்கும் வீட்டில்தானே என்றார். வீடியோவைப் பார்த்தது அம்மா. உடனே கிளம்பி வா என்று அழுதது அம்மா. பையன் தன் கண்ணால் ஷிஃப்ட் ஒழுங்காக ஓடுவதைப் பார்க்கிறான், மெஸ்ஸில் சாப்பிடுகிறான், ஞாயிற்றுக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டு வரை போய்வருகிறான், அவனுக்குத் தெரியும். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? கோவையில் உட்கார்ந்து நாம் எழுதும் அறிக்கையை அந்த அம்மா ஏன் நம்ப வேண்டும்? அவர் நம்பும் குரல், அதே ஊரிலிருந்து வந்து அதே லைனில் பத்து வருடம் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையனின் குரல்.

சுரங்கத்தில் விபத்து வதந்தி கிளம்பும்போதெல்லாம் அவர்கள் செய்வது இதுதானாம். ஊர் வாரியாக ஒருவரை முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறார்கள். அவர் தன் மொழியில், தன் ஃபோனிலிருந்து, தன் ஊர்க் குழுவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவார். என்ன சொல்ல வேண்டும் என்று கம்பெனி எழுதிக்கொடுப்பதில்லை. உண்மை நிலவரத்தை அவருக்கு முதலில் சொல்லிவிடுவது மட்டும்தான் கம்பெனியின் வேலை.

அன்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் நம் நோட்டீஸ் போர்டுகளை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தேன். பெருந்துறை சிப்காட் பக்கம் ஒரு யூனிட்டில் மேலே தமிழ், கீழே கம்ப்யூட்டர் மொழிபெயர்த்த இந்தி. அங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் ஒடிசாக்காரர்கள். ஒரு பையன் அந்த நோட்டீஸை ஃபோனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினான். பதில் வாய்ஸ் மெசேஜாக வந்ததும் காதில் வைத்துக் கேட்டான். பிறகு சுற்றி நின்ற நாலு பேருக்குச் சொன்னான். நம் அறிவிப்பு அந்த வழியாகத்தான் அவர்களைச் சேர்ந்தது. நடுவில் இருந்தவர் யார், என்ன சொன்னார் என்று கம்பெனியில் யாருக்கும் தெரியாது.

அதனால் மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கையில் ஒரு கேள்வியோடு போங்கள். உங்கள் கம்பெனியில் இன்னும் விடை கிடைக்காத கேள்வி. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஆர்டர் நிற்குமா, ஓவர்டைம் போகுமா, வேலையே போகுமா என்று தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் கேட்டார். முடிவு முதலாளிக்கே தெரியாத நிலையில் அவருக்கு என்ன பதில் சொல்வது? அந்த மாதிரிக் கேள்வி. ஆலை மூடலை, ஆள் குறைப்பைக் கையாண்டவர்கள் அந்தக் கூடத்தில் இருப்பார்கள். ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு அவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு தேடிப் போய்ப் பேசுங்கள். பெரிய பிராண்டின் விளம்பர வெற்றிக் கதையை யூடியூபில் பிறகும் பார்த்துக்கொள்ளலாம். கதவை மூடிக்கொண்டு முப்பது நாற்பது பேர் உட்காரும் அமர்வு இருந்தால் அதில் இடம் பிடியுங்கள். சாத்தம் ஹவுஸ் விதிப்படி நடக்கும் என்று முன்பே சொல்லிவிடுவார்கள். 1927இல் லண்டனில் உருவான விதி அது: கேட்ட விஷயத்தைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், எந்தக் கம்பெனி என்பதை வெளியே சொல்லக் கூடாது. மனம் விட்டுப் பேசுவது அங்கேதான். அந்த அறையில் ஸ்லைடைப் படம் பிடித்து லிங்க்ட்இனில் போடுபவரை அடுத்த முறை யாரும் சேர்க்க மாட்டார்கள், சேர்க்கவும் கூடாது.

கேட்பதில் காட்டும் ஆர்வத்தைச் சொல்வதில் அடக்கிக்கொள்ள வேண்டும். காலாண்டு முடிவுக்கான செய்திக்குறிப்பை எழுதுகிறவர் நாம். அந்த எண்கள் சந்தைக்குப் போகும் முன்பே நம் லேப்டாப்பில் இருக்கும். செபியின் 2015ஆம் ஆண்டு உள்தகவல் விதிகளின்படி அது வெளியிடப்படாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவல். காலாண்டு முடிந்த நாள் முதல், முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை, அந்தத் தகவல் கைக்கு வரக்கூடியவர்களுக்குப் பங்கு வாங்க, விற்கத் தடை இருக்கிறது. இரவு டின்னரில் பக்கத்தில் இருப்பவர், "இந்தக் குவார்ட்டர் எப்படிங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார். "பரவாயில்லீங்க, நல்லாவே இருக்கு" என்று நாமும் சாதாரணமாகச் சொல்லிவிடலாம். அந்த ஒரு வார்த்தை போதும், விசாரணை வரை போக. வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

விருதுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "தென்னிந்தியாவின் சிறந்த தகவல் தொடர்புத் தலைவராக நீங்கள் தேர்வாகியுள்ளீர்கள்" என்று ஒரு மெயில் வரும். நீங்கள் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டீர்கள். இரண்டாவது மெயிலில் கோப்பைக்கு, மேடைக்கு, இரண்டு பேர் டின்னருக்கு என்று கட்டணம் வரும். நடுவர்கள் யார், எந்த அளவுகோல், போன வருடம் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். நேரடியான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். கம்பெனிப் பணத்தில் கோப்பை வாங்கி ரிசப்ஷனில் வைப்பது, வாடிக்கையாளருக்கும் ஊழியருக்கும் சொல்லும் பொய். உண்மையைச் சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவர் அதைச் செய்யக் கூடாது.

இந்தத் துறையின் பெரியவர்கள் இதில் கறாராகவே இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஏடி அண்டு டி தொலைபேசி நிறுவனத்தில் 1927 முதல் 1946 வரை துணைத் தலைவராக இருந்த ஆர்தர் பேஜ் பெயரில் 1983இல் தொடங்கிய சங்கம், உலகம் முழுக்க இருக்கும் தகவல் தொடர்புத் தலைமை அதிகாரிகளை ஆண்டுதோறும் கூட்டுகிறது. அவர் வழியில் அவர்கள் பிடித்துவைத்திருக்கும் முதல் இரண்டு கொள்கைகள்: உண்மையைச் சொல், அதைச் செயலில் நிரூபி. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதையும், அந்தத் தண்ணீர் பட்ட நிலம் என்ன ஆனது என்பதையும் அவர்கள் பார்த்தவர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னபோது எந்தச் செய்திக்குறிப்பாலும் அவற்றைத் திறக்க முடியவில்லை. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துக் காட்டியவர்கள்தான் திறந்தார்கள்.

இன்று அதே தொழில்நுட்பம் திருப்பூரின் பெருமை. மாநாடுகளில் "சஸ்டைனபிலிட்டி ஸ்டோரி" சொல்லச் சொல்லித் தருவார்கள், நல்ல படம் எடுக்கச் சொல்லித் தருவார்கள். தவறில்லை. ஆனால் படம் எடுக்கும் முன் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டுப் பிளான்ட்டைச் சுற்றிக் காட்டுங்கள். வெளியேறும் குழாய் எங்கே என்று அவர் கேட்பார், கேட்கட்டும். வெளியூர் பையர் ஆண்டுக்கு ஒரு முறை ஆடிட்டுக்கு வருகிறார். தோட்டத்துக்காரர் தினமும் கிணற்றுத் தண்ணீரைப் பார்க்கிறார். அவர் ஒப்புக்கொள்ளாத கதையை உலகத்துக்குச் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்பது என் கருத்து.

திரும்பி வந்ததும் பெரிய ரிப்போர்ட் எழுத வேண்டாம், அதை யாரும் படிப்பதில்லை. அந்த வாரமே ஹெச்.ஆர்., ஹாஸ்டல் வார்டன், கம்பெனி செக்ரெட்டரி, செக்யூரிட்டி நால்வரையும் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். செக்யூரிட்டி எதற்கு என்று கேட்பார்கள். ஃபேக்டரியில் தீப்பிடித்தால் டிவி கேமரா முதலில் வந்து நிற்பது கேட்டில். மைக் முன் முதலில் பேசப்போவது வாட்ச்மேன். உள்ளே புகை தெரிய, அவர் பயந்துபோய், "உள்ள ஒண்ணும் இல்லீங்க, போங்க" என்று சொன்னால், எம்.டி. பிறகு என்ன விளக்கம் சொன்னாலும் அன்று இரவு முழுக்க ஓடப்போவது அந்த வரிதான். அவர் சொல்ல வேண்டியது இவ்வளவே: "நம்ம ஆபீசர் பத்து நிமிஷத்துல வந்து பேசுவாருங்க, இங்க நிழல்ல நில்லுங்க." சொன்னபடி பத்து நிமிடத்தில் ஒருவர் வந்து நிற்க வேண்டும். தெரிந்ததைச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்றும், அடுத்து எத்தனை மணிக்கு வந்து பேசுவேன் என்றும் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர்களின் குடும்பங்களுக்குப் போன் போன பிறகே பெயர்கள் வெளியே போக வேண்டும்.

அந்த ஒருவர் யார், இரவு ஷிஃப்டில் யார், அவர் லீவில் இருந்தால் யார் என்பதைப் பெயரும் ஃபோன் நம்பருமாக ஒரு தாளில் எழுதி கேட் கேபினில் ஒட்டுங்கள். ஊர் வாரியாகப் பேசக்கூடிய தொழிலாளர்களின் பட்டியலை வார்டனிடம் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சரிபாருங்கள், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாநாட்டுக்கு இரண்டு பேரை அனுப்புங்கள். ஒருவர் கம்யூனிகேஷன் பார்ப்பவர். இன்னொருவர், இந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த, தொழிலாளர்கள் அக்கா என்றோ அண்ணா என்றோ கூப்பிடும் அந்த வெல்ஃபேர் ஆபீசர். டெலிகேட் ஃபீஸை முன்கூட்டியே கட்டினால் பல இடங்களில் சலுகை உண்டு. தேதி அறிவித்ததும் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.