இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் பழைய லோடு பிக்கப் திடீரென இழுக்காமல் நின்றுவிட்டால், கூடுகிறவர்கள் முதலில் சொல்வது "கியர்பாக்ஸ் போச்சுங்க" என்பதுதான். பல நேரம் கியர்பாக்ஸ் மேல் ஒரு தப்பும் இருக்காது. அதை இறக்கக் கூலி கொடுப்பதற்கு முன், கோளாறு எந்தப் பக்கம் என்பதை வண்டி நிற்கிற இடத்திலேயே பார்த்துவிடலாம். ஸ்பேனர்கூட வேண்டாம்.

பின்சக்கரம் இழுக்கும் மேனுவல் கியர் வண்டியில், இன்ஜினின் முறுக்குவிசை (சுழற்றும் விசை) அதன் முனையிலுள்ள கனத்த பிளைவீலில் தொடங்கி, இணைத்துப் பிரிக்கும் கிளட்ச், கியர்பாக்ஸ், பின்னால் போகும் நீளத் தண்டான புரொபெல்லர் ஷாஃப்ட், இரு பக்கத்துக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், ஆக்ஸில் என்று கைமாறிச் சக்கரத்துக்குப் போகிறது. இதில் எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது.

முதல் வேலை, நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுப்பது. கியரில் போட்டு நிறுத்தினால் வண்டி நிற்கும் என்ற நம்பிக்கை இப்போது செல்லாது. புரொபெல்லர் ஷாஃப்டோ ஆக்ஸிலோ உடைந்திருந்தால் கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. சரிவில் வண்டியைப் பிடித்திருப்பது பிரேக் மட்டுமே. வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

இன்ஜினை ஓடவிட்டு கிளட்சை மிதித்துக் கியர் போட்டுப் பாருங்கள். கறகறவென்று கத்தி விழ மறுக்கிறது, இன்ஜினை அணைத்தால் மட்டும் சுலபமாக விழுகிறது என்றால், பெடலை மிதித்தும் கிளட்ச் இன்ஜினிலிருந்து பிரியவில்லை. ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பெடல் பக்கம் உள்ளே ஈரம் இருந்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் ஓரம் கசிந்தால் அந்த அழுத்தத்தில் கிளட்சைப் பிரிக்கும் ஸ்லேவ் சிலிண்டர். பெடலை நான்கைந்து தடவை வேகமாக அடித்தால் கியர் விழுகிறதென்றால், லைனில் காற்று புகுந்திருக்கும் அல்லது வாஷர் தேய்ந்திருக்கும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய் இரண்டு சிலிண்டரும் சேர்ந்து கெடும். இன்ஜினை அணைத்த பிறகும் கியர் விழவில்லை என்றால் மட்டுமே கியர் லிவரின் அசைவைப் பெட்டிக்குள் கொண்டுபோகும் லிங்கேஜ், செலக்டர் பக்கம் போக வேண்டும்.

கியர் விழுகிறது, ஆனால் வண்டி நகரவில்லை என்றால் அடுத்த சோதனை. ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, இரண்டாம் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி அணைந்தால், இன்ஜினிலிருந்து சக்கரம் வரை விசை போகும் பாதை முழுதாக இருக்கிறது. சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டதா என்று பாருங்கள். அணையாவிட்டால் கண் ஸ்பீடோமீட்டர் மேல் இருக்கட்டும். பழைய வண்டிகளில் அதன் கேபிள் கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து வருகிறது. வண்டி நிற்க, முள் மட்டும் ஏறினால் கிளட்சும் கியர்பாக்ஸும் நல்லபடி இருக்கின்றன. முறிவு அதற்குப் பின்னால்.

புரொபெல்லர் ஷாஃப்டின் மூட்டான கிராஸ் உடைந்து தொங்கினால் வெளியிலிருந்தே தெரியும். ஷாஃப்ட் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் ஆக்ஸில்தான். ஒரு பக்க ஆக்ஸில் உடைந்தால் மறுபக்கமாவது இழுக்க வேண்டாமா? இழுக்காது. சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். உடைந்த பக்கம் எதிர்ப்பே இல்லாமல் சுழல்கிறது. அங்கே முறுக்குவிசை பூஜ்யம் என்றால், முழுதாக இருக்கும் பக்கத்துக்கும் அதே பூஜ்யம்தான். சக்கரத்தை ஆக்ஸிலே தாங்கும் செமி ஃபுளோட்டிங் வகையில், உடைந்த பிறகு வண்டியை உருட்டினால் சக்கரமே கழன்று வெளியே வரலாம். கட்டி இழுக்காதீர்கள்.

முள் ஏறவில்லையா? கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ். ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ஒரு கியர் மட்டும் செத்திருந்தால் கியர்பாக்ஸ். ஐந்து கியர் உள்ள பெட்டிகள் பலவற்றில் நான்காவது நேரடிக் கியர். அதில் விசை லே ஷாஃப்ட் என்ற பக்கத் தண்டு வழியாகப் போவதில்லை. நான்காவது மட்டும் இழுத்து மற்றவை இழுக்காவிட்டால் லே ஷாஃப்ட் பக்கம் முறிவு. எல்லாமே செத்து, கருகிய வாசமும் வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. வாசமில்லாமல் "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றிருந்தால், கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் பிய்ந்திருக்கலாம்.

வழுக்குவது ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு சேர்த்து அழுத்தும் பிரஷர் பிளேட் 4,200 நியூட்டன் விசையில், அதாவது சுமார் 430 கிலோ எடையளவுக்கு அழுத்துகிறது. உராய்வுக் கெழு 0.35, பிளேட்டின் சராசரி ஆரம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முகமும் சேர்ந்து தாங்குவது 294 நியூட்டன் மீட்டர். 200 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜினுக்கு இது தாராளம். இன்ஜினின் பின் ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் ஆயில் பட்டு உராய்வு 0.1 ஆகிவிட்டால் 84தான் மிஞ்சும். காலி வண்டி சமதளத்தில் ஓடிவிடும். மலை மேலே இருக்கும் தாளவாடிக்கு உர மூட்டை ஏற்றிய வண்டி வளைவில் நின்றுவிடும்.

சீல் நன்றாக இருந்தாலும் ஓட்டுகிற விதத்தில் பிளேட் கருகும். 8 சதவீத ஏற்றத்தில் 3 டன் வண்டியை பிரேக் போடாமல் அரை கிளட்சில் பிடித்து நிறுத்தினால், நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஏறக்குறைய 8 கிலோவாட் வெப்பம் பிளேட்டில் இறங்குகிறது. நான்கு இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தது போல.

கிளட்ச்தான் என்று உறுதியாகி கியர்பாக்ஸை இறக்கினால், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்; கூலி ஒரே கூலிதான். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் (உராயும் பட்டை) 0.3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் பிளேட் முடிந்தது. பிளைவீலில் நீலப் புள்ளிகள் இருந்தால் லேத்தில் கடைந்து முகம் எடுக்கலாம். கோவையில் லேத்துக்கா பஞ்சம்? கியர் ஆயிலை வடிக்கும்போது காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். பல் துண்டு வந்தால் மட்டும் பெட்டியைப் பிரியுங்கள்.