நான்கு பாட்டில் லோஷனும் தீராத அரிப்பும்

மார்கழி பிறந்துவிட்டால் தோல் வறண்டு, முழங்காலுக்குக் கீழே சொறிந்துகொண்டே என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அப்படி வந்த ஓர் அம்மா, பையிலிருந்து நான்கு லோஷன் பாட்டில்களை எடுத்து மேசையில் அடுக்கினார். "எதுவும் கேக்கலை டாக்டர்."

நான்குமே நல்ல லோஷன்தான். சரி, எப்படிக் குளிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆவி பறக்கும் வெந்நீர், பீர்க்கங்காய் நார், இரண்டு தடவை சோப்பு, அரிப்பு போகட்டும் என்று வாளியில் ஒரு மூடி கிருமிநாசினி வேறு. லோஷன்? ராத்திரி படுக்கும்போது, உள்ளங்கையில் இரண்டு சொட்டு.

உடம்பின் ஈரம் வெளியேறாமல் காப்பது தோலின் மேலடுக்கில் உள்ள கொழுப்பு. வயதானால் அது தானாகவே குறையும். மிச்சத்தை வெந்நீரும் சோப்பும் கழுவிக்கொண்டு போய்விடும். தோலின் பி.எச். (அமில, கார அளவு) 5-ஐ ஒட்டியது, அதாவது லேசான அமிலம்; சாதாரண சோப்புக்கட்டியுடையது 9, 10, அதாவது காரம். அக்குள், தொடையிடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் சோப்பு போதும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

குளித்ததும் துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிடத்தில் லோஷனைத் தடவிவிட வேண்டும். இவற்றில் சேர்க்கும் கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், பெட்ரோலியம் ஜெல்லி மேலே மூடி போடும். காய்ந்த தோலில் தடவினால் மூடி வைக்க ஈரம் ஏது? செதில் உதிரும் காலுக்கு லோஷனைவிடக் கெட்டியான கிரீம் நல்லது. யூரியா கலந்தது செதிலை நன்றாகக் கரைக்கும், ஆனால் சொறிந்து புண்ணான இடத்தில் எரியும். இரண்டு காலுக்கும் தினம் இருவேளை தடவினால் 100 கிராம் டியூப் ஒரு வாரம்தான் வரும். ஒரு மாதம் வருகிறதென்றால் சிக்கனம் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம்! கட்டுப்படியாகாதவர்கள் ஈரத் தோலில் தேங்காய் எண்ணெய் தடவலாம், தப்பில்லை. உள்ளங்காலில் தடவிக்கொண்டு குளியலறையில் மட்டும் நடக்காதீர்கள். வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு ஐந்தாவது பாட்டில் எழுதித் தரவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்புறம் ஒன்று. ராத்திரியில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம், லோஷனுக்கு அடங்காது. தோலில் எதுவுமே தெரியாமல் உடம்பெங்கும் ஆறு வாரத்துக்கு மேல் அரித்தால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் எல்லாவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்குள் மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த டியூப் வாங்கித் தடவ ஆரம்பித்துவிடாதீர்கள். முதல் நாலு நாள் சுகமாக இருக்கும், மாதக்கணக்கில் தடவினால் தோல் காகிதமாக மெலிந்துவிடும்.